உங்கள் டாட்காம் எந்த ஊர் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டது?

லண்டனில் ஹாரட்ஸ் என்று ஒரு புகழ்பெற்ற கடை. அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரஸ் நகரிலும் அதே பெயரில் ஒரு நிறுவனம் இருந்தது. ஒரு காலத்தில் இரண்டும் உறவு. பிறகு பிரிந்து தனித்தனியாகிவிட்டன. 1999-ல் அர்ஜென்டினா நிறுவனம் ஹாரட்ஸ் என்ற சொல் வருகிற டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிப் பெயர்களை, வரிசையாகப் பதிவு செய்துகொண்டது. லண்டன் கடை வழக்குப் போட்டது. லண்டனில் அல்ல, பியூனஸ் ஐரஸிலும் அல்ல; அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், கிழக்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்தில். பிரதிவாதி என்ற இடத்தில் அர்ஜென்டினா நிறுவனத்தின் பெயர் இல்லை. “அறுபது இணைய டொமைன் பெயர்கள்” என்று எழுதியிருந்தது. 2002-ல் நான்காவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்கு அங்கே நடந்ததில் தவறே இல்லை என்று சொல்லிவிட்டது.

இரண்டு அயல்நாட்டுக் கம்பெனிகளின் சண்டை வர்ஜீனியாவுக்கு ஏன் போக வேண்டும்? பெயர்கள் அங்கே இருந்தன, அவ்வளவுதான். நம் ஊர் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: தென்காசியில் கிடக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர் துபாயில் இருந்தாலும் வழக்கு நிலம் இருக்கும் ஊரில்தான். டொமைனையும் அப்படி ஓர் இடத்தில் கிடக்கும் சொத்தாகப் பாவிக்கலாம் என்று அமெரிக்கா 1999-ல் சட்டம் இயற்றியது. வணிகக்குறிகளைப் பெயர் பதுக்குவோரிடமிருந்து காக்கும் சட்டம் அது, சுருக்கமாக ஏ.சி.பி.ஏ. என்பார்கள்.

டாட்காம் பெயர் எங்கே “கிடக்கிறது” என்று தெரிய, அதன் பின்னால் இருக்கும் அடுக்குகளைப் பார்க்க வேண்டும். நீங்கள் பணம் கட்டும் கடை பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரார். சில சமயம் ரெஜிஸ்ட்ராரின் மறுவிற்பனையாளர் மட்டுமே. ரெஜிஸ்ட்ராருக்கு மேலே ரெஜிஸ்ட்ரி. ஒரு நீட்சியில், அதாவது டாட்காம் போன்ற கடைசிப் பகுதியில், உள்ள எல்லாப் பெயர்களின் மூலப் பட்டியலையும் வைத்திருப்பது அதுதான். டாட்காமுக்கும் டாட்நெட்டுக்கும் வெரிசைன், டாட்ஆர்க்குக்கு பி.ஐ.ஆர். இரண்டுமே வர்ஜீனியாவின் ரெஸ்டன் என்ற ஊரில் இருக்கின்றன. இவற்றுக்கும் மேலே, உலக இணையப் பெயர் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகான். அது கலிஃபோர்னியாவில் பதிவான லாபநோக்கற்ற நிறுவனம். நான்காவது, நீங்கள் இருக்கும் ஊர். நான்கு அடுக்கு, நான்கு சட்டம். இவற்றில் எது ஜெயிக்கும் என்று ஒரே வரியில் சொல்வதானால், பட்டியலைத் திருத்தும் கை யாரிடம் இருக்கிறதோ அவருடைய ஊர் நீதிமன்றம்.

இந்த வரிக்கு அசைக்க முடியாத சான்று 2003-ல் தீர்ப்பான குளோபல்சான்டாஃபே வழக்கு. குளோபல் மரீன், சான்டா ஃபே என்ற இரண்டு எண்ணெய்த் துரப்பண நிறுவனங்கள் இணையப் போவதாக 2001 செப்டம்பரில் அறிவித்தன. அறிவிப்பு வந்து ஒரு நாள் முடியும் முன்பே தென்கொரியாவில் ஒருவர் இரண்டு பெயரையும் ஒட்டவைத்து டாட்காம் வாங்கிவிட்டார், அதுவும் ஒரு கொரிய ரெஜிஸ்ட்ராரிடம். வர்ஜீனியா நீதிமன்றம் பெயரை நிறுவனத்துக்கு மாற்றச் சொன்னது. பெயரை வைத்திருந்தவர் சியோல் நீதிமன்றத்துக்குப் போய், மாற்றக் கூடாது என்று ரெஜிஸ்ட்ராருக்குத் தடையாணை வாங்கினார். இரண்டு நாட்டு ஆணைகள் நேருக்கு நேர் நின்றன. கொரிய ரெஜிஸ்ட்ரார் தன் நாட்டு நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டு அசையவில்லை, அது இயல்பு. அமெரிக்க நீதிபதி அவரைத் தாண்டி நேராக வெரிசைனுக்கு ஆணையிட்டார். பட்டியலிலிருந்து பெயர் போனது. கொரியாவில் வாங்கிய தடையாணை செல்லத்தக்கதாகத்தான் இருந்தது, ஆனால் அது தடுக்க வேண்டிய வேலை கொரியாவில் நடக்கவில்லை.

அமெரிக்க ரெஜிஸ்ட்ராரை விட்டுவிட்டால் அமெரிக்கச் சட்டத்திலிருந்து தப்பிக்கலாம் என்று சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். டாட்காமைப் பொறுத்தவரை அது பாதி ஆலோசனைதான். ஏன் பாதி பயன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயரையே பிரதிவாதியாக்கும் இந்த வழக்குக்கு நிபந்தனை உண்டு. எதிராளி அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்குள் வராத ஆளாக இருக்க வேண்டும். அல்லது உரிய முயற்சி எடுத்தும் அவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்க வேண்டும். வழக்கறிவிப்பு, டொமைன் பதிவில் நீங்கள் கொடுத்த தபால் முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் போகும்; நீதிமன்றம் சொல்லும் விதத்தில் பத்திரிகையில் வெளியாகும். அத்தோடு அறிவிப்புக் கடமை முடிந்தது. இதில் கிடைக்கும் பரிகாரம் பெயரைப் பறிப்பது, ரத்து செய்வது, மாற்றுவது மட்டுமே. பணம் கேட்க முடியாது. ஆளையே பிரதிவாதியாக்கினால் கதை வேறு: பெயர் ஒன்றுக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை சட்டப்படியான நஷ்டஈடு விதிக்கலாம். நடைமுறையில் வெளிநாட்டுக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் வாதத்தில் அல்ல, வராததால். பதிவில் பழைய முகவரி, மூடிப்போன மின்னஞ்சல் கணக்கு. அறிவிப்பு வந்ததே தெரியாமல் ஒருதலைத் தீர்ப்பு ஆகியிருக்கும்.

வர்ஜீனியாவில் வழக்கு என்றாலே வெளிநாட்டுக்காரருக்குத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பார்சலோனா டாட்காம் 1996-ல் ஒரு ஸ்பெயின்காரர் பதிவு செய்த பெயர். பார்சலோனா நகராட்சி 2000-ல் ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம், அதாவது வைப்போவிடம் புகார் கொடுத்து ஜெயித்தது. பெயரை வைத்திருந்த நிறுவனம் வர்ஜீனியாவில் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் ஸ்பெயின் சட்டத்தைப் பார்த்து நகராட்சி பக்கம் தீர்ப்பளித்தது. நகராட்சியின் கையில் பார்சலோனா என்ற சொல் வரும் ஸ்பானிஷ் வணிகக்குறிகள் 150 அளவுக்கு இருந்தன. 2003-ல் நான்காவது சர்க்யூட் அதைப் புரட்டிப் போட்டது: இங்கே பொருந்துவது அமெரிக்கச் சட்டம், அமெரிக்கச் சட்டத்தில் வெறும் ஊர்ப் பெயர் யாருக்கும் வணிகக்குறி ஆகாது. ஸ்பெயின் நகரத்தின் பெயரை ஸ்பெயின் நகராட்சி பெற முடியாமல் போனதற்குக் காரணம், வழக்கு நடந்த ஊர்.

இதற்கு நேர் எதிராக முடிந்தது பிரான்ஸ் டாட்காம். 1994-லிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருந்த பெயர். வேறொரு நிறுவனத்தோடு நடந்த தகராறுக்காக அவரே பாரிஸில் வழக்குப் போட, நடுவில் பிரெஞ்சு அரசு நுழைந்து பெயர் எங்களுடையது என்றது. 2017 செப்டம்பரில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது. 2018 மார்ச்சில் அமெரிக்க ரெஜிஸ்ட்ரார் பெயரை பிரான்ஸிடம் ஒப்படைத்துவிட்டது. பெயரை இழந்தவர் வர்ஜீனியாவில் வழக்குப் போட்டார். 2021-ல் அதே நான்காவது சர்க்யூட், பிரான்ஸ் ஒரு இறையாண்மை உள்ள அரசு, அதன் மீது இங்கே வழக்குத் தொடர முடியாது என்று முடித்துவிட்டது. இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு சட்டத்தில் மட்டும் இல்லை, வரிசையிலும் இருக்கிறது. பார்சலோனாவில் பெயர் கைமாறும் முன் வழக்குப் போட்டார்கள். பிரான்ஸில் பெயர் போய்ச் சேர்ந்த பிறகு போட்டார்கள். வெளிநாட்டுத் தீர்ப்பை அமெரிக்க நீதிமன்றம் அங்கீகரிக்கும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் ரெஜிஸ்ட்ராருக்கு இல்லை. அவர் தானாகவே பணிந்துவிட்டால் தடுக்க ஆள் இல்லை.

இதுவரை சொன்னவை தனியார் வழக்குகள். அரசே பறிமுதல் செய்யும்போது வழக்கு விசாரணைக்கு முன்பே பெயர் போய்விடும். 2010-ல் அமெரிக்கச் சுங்கத் துறையினர் தொடங்கிய நடவடிக்கையில், நீதிபதியிடம் ஒருதலையாக ஆணை வாங்கி நேராக ரெஜிஸ்ட்ரியிடம் கொடுப்பதே வழி. ரோஹாதிரெக்தா என்ற ஸ்பானிஷ் விளையாட்டு ஒளிபரப்பு இணைப்புத் தளம் சட்டவிரோதமல்ல என்று ஸ்பெயின் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. ஆனாலும் அதன் டாட்காம், டாட்ஆர்க் பெயர்கள் 2011 தொடக்கத்தில் பறிபோயின. திரும்பக் கிடைத்தது 2012 ஆகஸ்டில். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, ஒன்றரை ஆண்டுக்கு மேல் பெயர் இல்லை. 2011 பிப்ரவரியில் நடந்தது இன்னும் விபரீதம். மூ டாட்காம் என்ற பெயரின் கீழ் ஆயிரக்கணக்கானோர் இலவசத் துணைப்பெயர்கள் வைத்திருந்தார்கள். ஒரே ஒரு துணைப்பெயர் மீதான புகாருக்காக மூலப்பெயரையே எடுத்ததில் சுமார் 84,000 தளங்களில், சிறார் ஆபாசக் குற்றத்துக்காகப் பறிமுதல் என்ற அரசு அறிவிப்பு தோன்றியது. ரெஜிஸ்ட்ரிக்கு மூ டாட்காம் போன்ற இரண்டாம் நிலைப் பெயர் மட்டுமே தெரியும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அதன் பட்டியலில் இல்லை. ஆணை எழுதியவருக்கு அது தெரியாமல் போனதுதான் பிழை.

பறிமுதல் என்பது இயந்திர அளவில் மிகச் சிறிய வேலை. ரெஜிஸ்ட்ரி வைத்திருக்கும் டாட்காம் மண்டலக் கோப்பில் உங்கள் பெயருக்கு நேரே நேம்சர்வர் முகவரிகள், அதாவது உங்கள் தளம் எங்கே இருக்கிறது என்று பதில் சொல்லும் கணினிகளின் பெயர்கள், இருக்கும். அவற்றை அரசின் நேம்சர்வருக்கு மாற்றினால் அறிவிப்புப் பக்கம் வரும். அடியோடு நீக்கினால் பெயரே இல்லை என்ற பதில் வரும். நீக்குவதற்கு ரெஜிஸ்ட்ரி வைக்கும் நிலைக்குறி சர்வர்ஹோல்டு. ரெஜிஸ்ட்ரார் வைப்பது கிளையன்ட்ஹோல்டு. கூடவே மாற்றம், திருத்தம், நீக்கம் மூன்றையும் தடுக்கும் குறிகளும் ஏறும். டாட்காமில் நேம்சர்வர் பதிவுகளின் ஆயுள் 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள். பழைய பதிலைச் சேமித்து வைத்திருக்கும் இணையச் சேவையில் அதுவரை தளம் வேலை செய்வதுபோலத் தோன்றும். சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு இல்லை என்று குழம்பி சர்வரை மறுபடி மறுபடி இயக்கிப் பார்ப்பது இந்த நேரத்தில்தான். சர்வருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அமெரிக்க ரெஜிஸ்ட்ராரை விடுவது பாதி பயன் என்றேன். அந்தப் பாதி, பொருளாதாரத் தடை விவகாரத்தில் தெரியும். ஸ்பெயினில் இருந்துகொண்டு ஐரோப்பியர்களுக்கு கியூபா சுற்றுலா விற்ற ஒரு பிரிட்டிஷ்காரரின் 80 தளங்கள் 2007-ல் ஒரே நாளில் நின்றன. அவர் வியாபாரத்தில் அமெரிக்கா எங்குமே இல்லை. ரெஜிஸ்ட்ரார் மட்டும் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்தது. அமெரிக்க நிதித்துறையின் தடைப்பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இங்கே நீதிமன்ற ஆணை எதுவும் தேவைப்படவில்லை. பட்டியலைப் பார்த்துப் பயந்த ரெஜிஸ்ட்ரார் தானே நிறுத்தியது. வெரிசைன் வரை போகாத இத்தகைய நிறுத்தங்களில் ரெஜிஸ்ட்ராரின் நாடு உண்மையாகவே முக்கியம்.

ஐகான் பற்றிப் பலருக்கு இருக்கும் பயம் கொஞ்சம் மிகை. அமெரிக்க வணிகத் துறையோடு அதற்கிருந்த ஒப்பந்தம் 2016 செப்டம்பரோடு முடிந்தது. ஆனால் கலிஃபோர்னியச் சட்டத்தின் கீழ் உள்ள நிறுவனம் என்பது மாறவில்லை. ஈரானிடம் நஷ்டஈட்டுத் தீர்ப்பு வாங்கிய சிலர், அந்நாட்டின் டாட்ஐஆர் நீட்சியையே ஜப்தி செய்து தரும்படி அமெரிக்க நீதிமன்றத்தில் கேட்டார்கள். 2016 ஆகஸ்டில் வாஷிங்டன் டி.சி.யில் உள்ள ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. நீட்சியைப் பிடுங்கினால் தொடர்பில்லாத மூன்றாம் நபர்களும், இணையப் பெயர் அமைப்பே கூடப் பாதிக்கப்படும் என்பது காரணம். 2022-ல் டாட்ஆர்யூ நீட்சியை ரத்து செய்யக் கோரிய உக்ரைனுக்கும் ஐகான் முடியாது என்றே பதில் சொன்னது. தனிப் பெயர்களைத் தொடும் கை ஐகானிடம் இல்லை, ரெஜிஸ்ட்ரியிடம்தான்.

சரி, டாட்காம் வேண்டாம், நாட்டு நீட்சி வாங்கலாம் என்றால் அந்த நாட்டின் சட்டமும் சேர்ந்து வரும். குட்டிப் பெயருக்காக லிபியாவின் டாட்எல்ஒய் வாங்கிய ஒரு இணைப்புச் சுருக்கச் சேவையின் பெயரை 2010-ல் லிபிய ரெஜிஸ்ட்ரி, உள்ளடக்கம் தங்கள் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று எடுத்துக்கொண்டது. 2024 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானின் டாட்ஏஎஃப் நீட்சியில் இருந்த ஒரு பாலினச் சிறுபான்மையோர் சமூகத்தளம் நின்றது. தாலிபான் அரசின் கீழ் உள்ள ரெஜிஸ்ட்ரியிடம் வேறென்ன எதிர்பார்க்க? ஐரோப்பாவின் டாட்இயூ பெயர்களை வைத்திருந்த, ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாத பிரிட்டன்வாசிகள், பிரெக்ஸிட் காரணமாக 2021 ஜனவரி 1-ல் தகுதியிழந்தார்கள். கட்டலான் மொழிக்கான டாட்கேட் நாட்டு நீட்சியே அல்ல, ஐகான் ஒப்பந்தத்தில் உள்ள பொது நீட்சி. ஆனாலும் 2017 செப்டம்பர் 20 அன்று ஸ்பெயின் போலீஸ் அதன் பார்சலோனா அலுவலகத்தில் நுழைந்து தொழில்நுட்பப் பொறுப்பாளரைக் கைது செய்தது. கட்டலோனியா தனிநாடாவது குறித்த பொதுவாக்கெடுப்புத் தளங்களை முடக்குவது தொடர்பான விவகாரம் அது.

தமிழில் எழுதிய பெயருக்கும் இதே விதி. தமிழ் எழுத்தில் ஒரு டாட்காம் வாங்கினால் அது உள்ளே ரோமன் குறிகளாக மாறி வெரிசைனின் அதே பட்டியலில் உட்காரும். எழுத்து தமிழ், சட்டம் வர்ஜீனியா. மாறாக .இந்தியா என்று முடிந்தால் டெல்லியில் உள்ள நிக்ஸி என்ற ரெஜிஸ்ட்ரியின் கீழ் வரும். .இலங்கை அந்நாட்டின் டாட்எல்கே ரெஜிஸ்ட்ரியிடமும், .சிங்கப்பூர் அந்நாட்டு ரெஜிஸ்ட்ரியிடமும் இருக்கின்றன.

இந்தியாவில் டொமைனுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயருக்கும் வணிகக்குறிபோலப் பாதுகாப்பு உண்டு, பிறர் பெயரில் ஏமாற்றி விற்பதைத் தடுக்கும் பொதுச்சட்ட விதி பொருந்தும் என்றது. நமது வணிகக்குறிச் சட்டம் நாட்டு எல்லைக்கு வெளியே செல்லாது என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. தளம் இந்தியாவில் திறக்கிறது என்பது மட்டும் இங்கே வழக்குத் தொடரப் போதாது, இங்குள்ளோரை இலக்காக வைத்து வியாபாரம் நடந்திருக்க வேண்டும் என்பது டெல்லி உயர் நீதிமன்றம் பன்யன் ட்ரீ வழக்கில் வகுத்தது. டாட்இன் பெயர் என்றால் ஐ.என்.டி.ஆர்.பி. என்ற நடுவர் முறை உண்டு. நடுவர் தீர்ப்பில் குறை இருந்தால் நடுவர் மன்றச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின் கீழ் நம் நீதிமன்றத்திலேயே எதிர்க்கலாம்.

பெயர் வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரியில் இருந்தால் இந்திய நீதிமன்றத்தின் கை எட்டாது. எட்டாதபோது என்ன செய்வார்கள் என்பதற்கு நம்மூருக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் தமிழ்ராக்கர்ஸ். 2019-ல் வார்னர் பிரதர்ஸ் டெல்லியில் போட்ட வழக்கின் தலைப்பிலேயே இருந்தது டாட்டபிள்யூஎஸ், சமோவா நாட்டின் நீட்சி. சமோவா ரெஜிஸ்ட்ரிக்கு டெல்லி ஆணை வெறும் காகிதம். அதனால் ஆணை உள்ளூர் இணையச் சேவை நிறுவனங்களுக்குப் போகிறது: இந்தப் பெயருக்குப் பதில் சொல்லாதே. பெயர் அப்படியே உயிரோடு இருக்கும். வாசல் மட்டும் இங்கே சாத்தப்படும். நீட்சியை மாற்றி மறுநாள் வந்தால், அதே வழக்கில் மனுச் செய்து புதுப் பெயரையும் சேர்த்துக்கொள்ள 2019 ஏப்ரலில் யூடிவி வழக்குத் தீர்ப்பு வழி செய்தது. இந்த வகைத் தடையில் கை தவறினால் மூ டாட்காம் கதைதான். 2012-ல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய ஆணையை வைத்து விமியோ என்ற வீடியோத் தளம் உட்பட முழுத் தளங்களே முடங்கின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

இனி, சென்னையிலோ மதுரையிலோ இருந்து டாட்காம் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம். வணிகக்குறி வைத்திருப்பவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் நீதிமன்றம் அல்ல. 1999-லிருந்து நடப்பில் உள்ள யு.டி.ஆர்.பி. என்ற புகார் முறை. ஐந்து பெயர் வரை ஒரு நடுவருக்கு வைப்போவில் 1,500 டாலர். அமெரிக்க வழக்கோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. புகார் வந்ததும் பெயரை வேறிடத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டு விழும். பதில் சொல்ல உங்களுக்கு 20 நாள். தோற்றால், தீர்ப்பை நிறுத்திவைக்க 10 வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, முத்திரையிட்ட நகலை ரெஜிஸ்ட்ராரிடம் கொடுக்க வேண்டும். எந்த நீதிமன்றம் என்பதில்தான் சூட்சுமம். புகார்தாரர் தன் மனுவிலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்: ரெஜிஸ்ட்ராரின் தலைமை அலுவலகம் உள்ள ஊர், அல்லது பதிவில் உள்ள உங்கள் முகவரி. ரெஜிஸ்ட்ரார் அரிசோனாவில் இருந்து, எதிராளி அரிசோனாவைத் தேர்ந்தெடுத்தால், சென்னையில் நீங்கள் போடும் வழக்கு தீர்ப்பைத் தானாக நிறுத்தாது. பத்து வேலை நாளில் அரிசோனாவில் வக்கீல் பிடிக்க வேண்டும். ரெஜிஸ்ட்ராரின் தலைமை அலுவலகம் இந்தியாவில் என்றால் இரண்டு தேர்வுமே இந்தியாவுக்குள் அடங்கிவிடும். ஆண்டுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் தகும். ஆனால் ரசீதில் இந்தியப் பெயர் இருந்தால் போதாது; மறுவிற்பனையாளருக்குப் பின்னால் உள்ள ரெஜிஸ்ட்ரார் யார் என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க ஐகானின் தேடல் பக்கத்தில் பெயரைத் தட்டினால் போதும். ஹூயிஸ் என்ற பழைய தேடல் முறை போய் இப்போது ஆர்டாப் என்ற முறையில் அதே தகவல் வருகிறது: ரெஜிஸ்ட்ரார் யார், நிலைக்குறிகள் என்ன. தொடர்பு மின்னஞ்சலை அதே டொமைனில் வைத்திருப்பவர்கள் ஏராளம். பெயர் நின்ற நிமிடத்திலிருந்து ரெஜிஸ்ட்ரார் அனுப்பும் அறிவிப்பும் வைப்போவின் கடிதமும் வந்து சேராது, 20 நாள் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தளம் திடீரென்று நின்றால் முதலில் நிலைக்குறியைப் பாருங்கள். கிளையன்ட்ஹோல்டு என்றால் ரெஜிஸ்ட்ராரிடம் பேசலாம்; பெரும்பாலும் புதுப்பிக்காத கட்டணமோ, உறுதிப்படுத்தாத மின்னஞ்சலோதான் காரணம். சர்வர்ஹோல்டு என்றால் ரெஜிஸ்ட்ராரின் உதவி மையத்தில் காத்திருப்பது வீண், அதை நீக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஆணை எந்த நீதிமன்றத்தினுடையது, வழக்கு எண் என்ன என்று ரெஜிஸ்ட்ராரிடமும் ரெஜிஸ்ட்ரியிடமும் எழுத்தில் கேளுங்கள். அந்த எண் இல்லாமல் எந்த ஊர் வக்கீலும் வேலையைத் தொடங்க முடியாது.